தூரிகைக்கும் பட்டறை வேண்டும்

கச்சிபௌலி என்றதும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் கண்ணாடிக் கோபுரங்களே நினைவுக்கு வரும். 1974இல் நிறுவப்பட்ட ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகமும் அதன் நுண்கலைத் துறையும் அங்கேதான் உள்ளன.

அச்சோவியம் பயிலும் மாணவரின் நாள் எத்தகையது? செப்புத் தகட்டை மெருகேற்றி, மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மையேற்றி, எந்திரத்தில் அழுத்தினால்தான் ஒரு படி கிடைக்கும். பிழை நேர்ந்தால் மீண்டும் தகட்டைத் தேய்க்க வேண்டும். இது பொழுதுபோக்கன்று, உழைப்பு. படிப்பு முடிந்ததும் அந்த எந்திரம் கைவிட்டுப் போகிறது. உழைப்புக் கருவியை இழந்த கலைஞர் வேறு பிழைப்பு தேடுகிறார்.

1943 வங்கப் பஞ்சத்தில் மிட்னாப்பூர் மாவட்டமெங்கும் நடந்து பட்டினியை வரைந்தார் சித்தபிரசாத். அந்நூலை ஆங்கிலேய அரசு பறித்து அழித்தது. அவருக்குத் துணைநின்றது கலைச் சந்தையன்று. கம்யூனிஸ்ட் கட்சியும் அதன் ஏடுகளுமே.

சென்னையில் லலித் கலா அகாதெமி நடத்துவது போன்ற பொதுப் பட்டறைகள் நகரந்தோறும் வேண்டும். பல்கலைக்கழகத்தை ஒட்டிய 400 ஏக்கரைத் தொழில்நுட்பப் பூங்காவாக்க முனைந்தது தெலங்கானா அரசு, மாணவர்கள் போராடினர், 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் மரவெட்டை நிறுத்தியது. நிறுவனங்களுக்காக நூற்றுக்கணக்கான ஏக்கரைத் தேடும் அரசுக்கு, இளங்கலைஞர்களின் பட்டறைக்கு ஒரு கூடம் ஒதுக்க இயலாதா?