எஞ்சினில் சாய்ஸ் குறைந்தது... காக்பிட்டில் சௌகரியம் கூடியது! லாங் ஹால் விமானங்களில் என்ன நடக்கிறது?

"ஏர்ல போட்டாச்சு" என்று திருப்பூர் ஏற்றுமதியாளர் ஒருவர் பெருமூச்சு விட்டால், அந்த ஆர்டரில் லாபம் போச்சு என்று அர்த்தம். சாயப்பட்டறையில் தாமதம், செக்கிங்கில் தாமதம் எனக் கப்பலைத் தவறவிட்ட டி-ஷர்ட் பெட்டிகள், டெலிவரி தேதியைக் காப்பாற்ற விமானம் ஏறுகின்றன. அவற்றில் பல, பயணிகள் விமானத்தின் வயிற்றுப் பகுதியில்தான் ஐரோப்பா போய்ச் சேர்கின்றன. மேலே பையரைப் பார்க்கப் போகும் முதலாளி, கீழே அவருடைய சரக்கு!

இந்த இரண்டையும் சுமக்கும் நீண்ட தூர விமானம் நேரத்துக்குப் போக, எஞ்சினும் நன்றாக இருக்க வேண்டும். ஓட்டும் விமானியும் நன்றாக இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் கடந்த 30 ஆண்டுகளில் நடந்த மாற்றம் சுவாரஸ்யமானது.

மூன்று... இரண்டு... ஒன்று!

விமானம் தயாரிப்பது போயிங், ஏர்பஸ் என்றாலும், எஞ்சின் வருவது வேறு நிறுவனங்களில் இருந்து. 1995-ல் போயிங் 777 சேவைக்கு வந்தபோது ஜெனரல் எலெக்ட்ரிக், பிராட் அண்ட் விட்னி, ரோல்ஸ் ராய்ஸ் என மூன்று நிறுவன எஞ்சின்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஏர்பஸ் ஏ330-க்கும் அப்படித்தான்.

2011-ல் வந்த 787 ட்ரீம்லைனரில் சாய்ஸ் இரண்டானது. ஜிஇஎன்எக்ஸ் அல்லது ரோல்ஸ் ராய்ஸின் ட்ரென்ட் 1000. 2015-ல் சேவைக்கு வந்த ஏ350-க்கு ரோல்ஸ் ராய்ஸின் ட்ரென்ட் எக்ஸ்டபிள்யூபி மட்டும்தான். அடுத்து வரவிருக்கும் 777எக்ஸ் விமானத்துக்கு ஜிஇ9எக்ஸ் மட்டும்.

காரணம், செலவு. பெரிய எஞ்சின் ஒன்றைப் புதிதாக உருவாக்கப் பல ஆயிரம் கோடி ரூபாய் வேண்டும். விற்கப்போவது சில நூறு விமானங்கள் என்றால், அதை இரண்டு, மூன்று கம்பெனிகள் பங்கு போட்டால் யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால், "எங்கள் எஞ்சின் மட்டும்தான் என்றால் வருகிறோம்" என்கிறார்கள்.

எஞ்சின் எவ்வளவு பெரியது தெரியுமா? 777-300ஈஆர் விமானத்தின் ஜிஇ90 எஞ்சினில் முன்னால் சுழலும் விசிறியின் விட்டம் சுமார் 3.25 மீட்டர். நம் ஊர் பஸ்ஸின் அகலம் 2.5 மீட்டர்தான். அந்த விசிறியின் இறக்கைகள் கார்பன் இழையால் ஆனவை. ஸ்வெட்டருக்குப் பயன்படும் அக்ரிலிக் நூலின் மூலப்பொருளும், பெரும்பாலான கார்பன் இழைகளின் மூலப்பொருளும் ஒன்றே!

ஒரே மில்லை நம்பினால்..?

ஒரே மில்லின் நூலை மட்டும் நம்பி ஆர்டர் எடுப்பதில் உள்ள ஆபத்து பனியன் கம்பெனிக்காரர்களுக்குத் தெரியும். விமான நிறுவனங்களுக்கும் அதே கவலைதான்.

ட்ரென்ட் 1000 எஞ்சின்களின் டர்பைன் பிளேடுகள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தேய்ந்தன. 2018-ல் உலகம் முழுக்கப் பல 787 விமானங்கள் மாற்று எஞ்சினுக்காகத் தரையில் காத்திருந்தன. ஏர் இந்தியா 2012 முதல் வாங்கிய 787-களில் இருப்பது ஜிஇஎன்எக்ஸ் என்பதால், அந்தச் சிக்கல் அவர்களுக்கு வரவில்லை. ஒரே மாடல் விமானம், வேறு எஞ்சின், வேறு தலையெழுத்து! ஆனால், ஏ350-ல் அப்படி மாற்றித் தேர்ந்தெடுக்க வழியில்லை. அதன் பெரிய மாடலின் எஞ்சின் பாலைவனச் சூட்டில் எத்தனை நாள் தாங்கும் என்று எமிரேட்ஸ் நிறுவனம் 2023-ல் வெளிப்படையாகவே கேள்வி எழுப்பியது.

ரெண்டு ஷிஃப்ட் காக்பிட்

திருப்பூரில் 'ஒன்றரை ஷிஃப்ட்' என்றால் 12 மணி நேரம். சாய்மானம் இல்லாத ஸ்டூலில் அதை ஓட்டும் டெய்லருக்கு முதுகு படும் பாடு தெரியும். 2021 ஜனவரியில் கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் நான்கு பெண் விமானிகள் ஏர் இந்தியா 777-ஐ சான் பிரான்சிஸ்கோவில் இருந்து பெங்களூருக்கு ஓட்டிவந்தார்கள். வட துருவம் வழியாகச் சுமார் 17 மணி நேரம். அதாவது, ரெண்டு ஷிஃப்டுக்கும் மேல்!

இவ்வளவு நீண்ட பயணத்தில் இருவர் ஓட்ட, மற்ற இருவர் ஓய்வெடுப்பார்கள். ஏ350, 787 விமானங்களில் விமானிகள் தூங்கவே முன்பக்கம், கூரையை ஒட்டி இரண்டு படுக்கைகள் வைக்க முடியும்.

காக்பிட்டும் மாறியிருக்கிறது. ஏர்பஸ்ஸில் கட்டுப்பாட்டுக் கருவி பக்கவாட்டில் சிறிய ஸ்டிக்காக இருக்கிறது. அதனால் விமானியின் முன்னால் ஒரு மேசையை இழுத்துப்போட்டு நிம்மதியாகச் சாப்பிடலாம், எழுதலாம். போயிங் இன்னும் கால்களுக்கு நடுவே நிற்கும் ஸ்டீயரிங் போன்ற 'யோக்'கையே வைத்திருக்கிறது. மடியில் தட்டை வைத்துத்தான் சாப்பாடு. ஆனால், இரு விமானிகளின் கண் எதிரே கண்ணாடித் திரையில் வேகமும் உயரமும் தெரியும் வசதி 787-ல் எல்லா விமானங்களிலும் உண்டு. குனிந்து குனிந்து பார்க்க வேண்டாம்.

இன்னொன்று, காற்று. பழைய விமானங்களில் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடி மலை உச்சியில் இருப்பது போன்றது. 787, ஏ350-ல் அது 6,000 அடி அளவுதான். உடல்பகுதி துருப்பிடிக்காத கார்பன் இழைக் கலவை என்பதால் ஈரப்பதத்தையும் கொஞ்சம் கூட்டி வைக்கலாம். தலைவலி, தொண்டை வறட்சி, களைப்பு குறையும். இது விமானிக்கும் பயணிக்கும் பொதுவான லாபம்.

மேசை போதாது

நல்ல சீட் இருந்தால் மட்டும் களைப்பு போய்விடாது. இந்தியாவில் 2025 ஜூலை முதல் விமானிகளின் வார ஓய்வு 36 மணி நேரத்தில் இருந்து 48 ஆனது. புதிய பணிநேர விதிகளுக்குத் தயாராகாமல் அதே டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தபோது, சில விதிகளில் தற்காலிகமாகத் தளர்வு தரப்பட்டது. எஞ்சின் பிளேடு தேய்ந்தால் விமானத்தையே நிறுத்திவிடுகிறார்கள். விமானி களைத்தாலும் அதே கண்டிப்பு வேண்டும் அல்லவா?

அடுத்த முறை டிக்கெட் போடும்போது நேரம், கட்டணத்தோடு விமானத்தின் மாடலையும் பாருங்கள். 788, 789 என்றால் 787. 359 என்றால் ஏ350-900. 77டபிள்யூ என்றால் 777-300ஈஆர். கட்டணமும் நேரமும் ஒத்துப்போனால் முதல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இறங்கியதும் நேராக பையர் மீட்டிங் போக வேண்டியவருக்கு, அந்த 2,000 அடி வித்தியாசம் உதவும்!