ஒரு மேட்ச் போதுமா?

எங்கள் மீஞ்சூர் அணியில், ஒரே மேட்சில் ஆறு விக்கெட் எடுத்த புதுப் பையனுக்காக, பல வருடங்களாகப் பந்து வீசியவரை உட்கார வைத்தோம். எக்செல்லில் சீசன் ஸ்கோர்களை டைப் செய்து பார்த்த பிறகுதான் அவசரப்பட்டது புரிந்தது.

1988 ஜனவரியில் சேப்பாக்கத்தில் நரேந்திர ஹிர்வானி தன் முதல் டெஸ்டிலேயே வெஸ்ட் இண்டீசின் 16 விக்கெட்டுகளைச் சாய்த்தார். மொத்தம் ஆடியது 17 டெஸ்ட், எடுத்தது 66 விக்கெட். சராசரி டெஸ்டுக்கு 3.9. முதல் டெஸ்டை நீக்கினால் 3.1தான். நல்ல பவுலர்தான். ஆனால் அந்த 16இல் பந்து நன்றாகத் திரும்பிய ஆடுகளத்துக்கும் பங்குண்டு.

கம்ப்யூட்டர் கூட்டலில் தவறாது. எத்தனை மேட்ச் கணக்கைக் கொடுப்பது என்பது நம் பொறுப்பு. பெரிய மேட்சைச் சேர்த்தும் நீக்கியும் சராசரி பாருங்கள். வித்தியாசம் அதிகமென்றால் பொறுத்திருங்கள். பழையவரை அதற்குள் உட்கார வைக்காதீர்கள்!