ஹிக்கரி மட்டையும் கிண்டி மைதானமும்

பொம்மிடியில் கோல்ஃப் மைதானம் கிடையாது. டிவியில் கோல்ஃப் வந்தால் அடுத்த நொடியே சேனல் மாறிவிடும். ஆனாலும் இங்கே கில்லி ஆடி வளர்ந்த எவருக்கும் ஒரு விஷயம் சட்டென்று புரியும். கையில் இருக்கும் குச்சி மாறினால் ஆட்டமே மாறும். வேப்பங்குச்சி ஒரு மாதிரி, புளியங்குச்சி வேறு மாதிரி.

ஹிக்கரி கோல்ஃபும் அப்படித்தான். ஹிக்கரி வட அமெரிக்காவில் வளரும் ஒரு கெட்டி மரம். முன்பெல்லாம் கோல்ஃப் மட்டையின் தண்டு இதில்தான் செய்யப்பட்டது. 1929ல் ஆர் அண்ட் ஏ அமைப்பு எஃகுத் தண்டை அனுமதித்தது. அதற்குப் பிறகும் பாபி ஜோன்ஸ் மரத்தண்டை விடவில்லை. 1930ல் நான்கு பெரிய பட்டங்களையும் அதை வைத்தே வென்றார்! மரத்தண்டு வீசும்போது முறுக்கிக்கொள்ளும். பலத்தைக் காட்டினால் பந்து எங்கேயோ போகும். பொறுமைக்காரனுக்குத்தான் அது படியும்.

ஸ்காட்லாந்தின் மசல்பர்க் பழைய மைதானத்தில் 2005ல் உலக ஹிக்கரி ஓபன் தொடங்கியது. 1672லேயே அங்கே கோல்ஃப் ஆடியதற்கு ஆவணம் இருக்கிறது. 1874 முதல் 1889 வரை ஆறு முறை பிரிட்டிஷ் ஓபன் நடந்த இடம். மொத்தம் ஒன்பதே குழிகள். இன்றைய மட்டைக்கு அது சின்ன இடம், ஹிக்கரிக்குச் சரியான இடம். பந்து தூரம் போகப் போக மைதானத்தையும் நீட்ட வேண்டும். அதற்கு நிலம், தண்ணீர், புல் என்று செலவு ஏறும். மட்டைக் கம்பெனிக்கு லாபம், மைதானத்துக்கு நஷ்டம். மட்டையைப் பின்னோக்கி மாற்றுவது எவ்வளவு மலிவான தீர்வு!

மசல்பர்க் மைதானம் குதிரைப் பந்தயத் திடலுக்குள் இருக்கிறது. நம்ம கிண்டியிலும் மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் ரேஸ் கோர்ஸுக்குள்தான் இருந்தது. 2024 செப்டம்பரில் தமிழக அரசு அந்த 160 ஏக்கர் குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தபோது, அங்கே ஆடியவர்களைத் தவிர யார் வருத்தப்பட்டார்கள்? வெள்ளம் வரும் ஊரில் குளம் வேண்டும் என்ற வாதம்தான் எடுபட்டது. எடுபட்டதில் தப்பும் இல்லை. மசல்பர்க்கில் யார் வேண்டுமானாலும் காசு கட்டி ஆடலாம். ஹிக்கரி மட்டைகூட வாடகைக்குக் கிடைக்கும். கிண்டியில் உறுப்பினருக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டுதான் சாமானியன் உள்ளே போக முடிந்தது. வேலிக்கு வெளியே நின்றவனிடம் பாரம்பரியம் என்று சொன்னால் அவன் ஏன் காது கொடுக்கப் போகிறான்?

பழைய மட்டை சேர்ப்பதும் பணக்காரர் பொழுதுபோக்குதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 2009ல் இந்தியன் ஓபன் வென்ற சின்னசாமி முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்தவர். திறமை வேலியைப் பார்த்து வருவதில்லை.

1895ல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப் இன்னும் இருக்கிறது, ஊட்டியிலும் மைதானம் இருக்கிறது. வருடத்தில் ஒரு நாள் ஹிக்கரி போட்டி வைத்து, கேட்டைத் திறந்து, முதல் அடியை கேடிகளை அடிக்கச் சொல்லலாம். அவர்களுக்கு அந்தப் புல்லின் ஒவ்வொரு மேடு பள்ளமும் தெரியும்.