யாருடைய ஐந்து விநாடிகள்?

சென்ற மாதம் சானமாவில் நண்பர் ஒருவர் தம் குறும்படத்தைப் போட்டுக் காட்டினார். 16 நிமிஷம். ராகிக் கொல்லையில், பரண்மேல், ராத்திரி முழுக்க யானைக்குக் காவல் இருக்கும் ஒரு கிழவர். கர்நாடகத்திலிருந்து வரும் யானைகள் சானமாவுக் காட்டில் தங்கி, ராகி முற்றும் பருவத்தில் கொல்லையில் இறங்குவது இந்தப் பக்கத்தில் பழகிப்போன விஷயம். படம் முடிந்ததும் நான் கேட்டேன்: 'எல்லாம் சரி, கிழவர் எங்கே காத்திருக்கிறார்?' ஒரு ஷாட்கூட ஐந்து விநாடியைத் தாண்டவில்லை.

'அதுக்கு மேலே எவனும் பார்க்க மாட்டான் சார்' என்றார்.

ஐந்து என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? அவருடைய எடிட்டிங் மென்பொருளில் ஒரு புகைப்படத்தைச் சேர்த்தால், யாரும் கேட்காமலே அதற்கு ஐந்து விநாடி விழுகிறது. முதலில் சேர்த்த புகைப்படங்களின் தாளத்துக்கு மற்ற ஷாட்டுகளையும் நறுக்கியிருக்கிறார். நான் வங்கி குமாஸ்தா. கடன் மனுவில் 'காரணம்' எழுத ஒரே ஒரு வரிதான் இடம் விட்டிருக்கும். வருஷக்கணக்கில் அதைப் பார்த்துப் பார்த்து, மனிதர்களின் தேவையே ஒரு வரிதான் என்று எனக்கும் தோன்ற ஆரம்பித்திருக்கிறது. நண்பருக்கு நேர்ந்ததும் இதுதான்.

35 எம்.எம். பிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம், விநாடிக்கு 24. ஐந்து விநாடி என்பது ஏழரை அடி. கத்தரி பிடித்தவன் கைக்கு அந்த நீளம் தெரிந்திருந்தது. அதனால் அந்தக் காலம் பொற்காலமாகிவிடாது. சூத்திரத்துக்கு வெட்டியவர்களே அன்றும் அதிகம். ஆனால் 1988இல் 'வீடு' படத்தைத் தாமே எடிட் செய்த பாலுமகேந்திரா, முடியாத வீட்டைப் பார்க்கத் தனியே போகும் தாத்தாவுக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தார். சொக்கலிங்க பாகவதர் அந்த வீட்டுக்குள் நடந்து முடிக்கும்வரை படம் அவரோடு இருக்கிறது. அதைச் சுருக்கியிருந்தால், பின்னால் வரும் சாவு வெறும் தகவலாகியிருக்கும்.

நம்மவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. தார்க்கோவ்ஸ்கி பெயரைச் சொல்லிக்கொண்டு, காமிராவை நட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் நீளத்தையே கலை என்கிறார்கள். வினோத்ராஜின் 'கூழாங்கல்' (2021) ஒன்றேகால் மணி நேரப் படம்தான். அதில் வெயிலில் நடக்கும் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் தூரம் எவ்வளவோ, ஷாட்டும் அவ்வளவு. நீளத்தைத் தீர்மானிப்பது அந்த நடை. டைரக்டரின் கௌரவம் அல்ல.

நண்பர் இன்னொரு காரியமும் செய்திருந்தார். கிழவரின் பீடிப் புகை இரண்டு விநாடிதான் கிடைத்ததாம். வேகத்தைக் குறைத்து நான்காக இழுத்துவிட்டார். பொறுமைக்கு ஜோடனை! எதிரே உட்கார்ந்து பார்த்திராத நேரத்தை எந்தப் பொத்தானும் உண்டாக்கித் தராது.

வெட்டாத பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒரு ஷாட். சத்தம் கேட்டுக் கிழவர் எழுகிறார். டார்ச் அடிக்கிறார். காது கொடுக்கிறார். ஒன்றும் வரவில்லை. மறுபடி உட்காருகிறார். 1 நிமிஷம் 50 விநாடி. படத்தில் இருப்பது அவர் எழுவது மட்டும், உடனே யானை. அதாவது, படத்தில் கிழவர் எழும்போதெல்லாம் யானை வருகிறது. கொல்லையில் அவர் எழுவதெல்லாம் பெரும்பாலும் வீணுக்கு. அவர் வாழ்க்கையே அந்த வீண் எழுதல்தான்.

இது ரசனை பற்றிய தகராறு இல்லை. படம் பொய் சொல்கிறது. அந்த ஷாட்டைத் திரும்பச் சேர்க்கும்வரை நண்பரின் படத்தைப் பற்றி நான் வேறு எதுவும் எழுதுவதாக இல்லை.