வாவி எல்லாவற்றையும் கரைக்காது

"மட்டக்களப்பு வாவி பெரியது, எதைக் கொட்டினாலும் கரைந்துபோகும்" என்று மேடைகளிலும் தேநீர்க்கடைகளிலும் கேட்டுச் சலித்துவிட்டேன். பத்திரிகைத் தொழிலில் நரைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இது ஆபத்தான அறியாமை.

சைக்கிள் சங்கிலியின் கிறீஸ் கையில் ஒட்டினால் நாம் தண்ணீரை நாடுவதில்லை, மண்ணெண்ணெயைத் தேடுகிறோம். கொழுப்பமிலங்களின் கதையும் அதுவே. அவற்றின் ஒரு முனை மட்டுமே நீரை விரும்பும்; நீண்ட ஐதரோகாபன் வாலோ நீரை வெறுக்கும். வினாகிரியிலுள்ள அசற்றிக் அமிலத்துக்கு 2 காபன் அணுக்களே, நீரில் கலந்துவிடும். தேங்காயெண்ணெயின் லோரிக் அமிலத்துக்கு 12. நீரில் ஏறக்குறையக் கரையாது. எக்சேன், ஈதர், குளோரோபோம் முதலிய சேதனக் கரைப்பான்களில் இலகுவாகக் கரையும். இனம் இனத்தோடுதான் சேரும்.

நஞ்சுக்கும் இதே விதிதான். கொழுப்பை விரும்பும் நஞ்சு நீரில் நிலைப்பதில்லை. மீனின் கொழுப்பில் குடியேறும். டி.டி.ரி. அத்தகையது. இலங்கை அதனை 1976இலும் எண்டோசல்பானை 1998இலும் தடைசெய்தது. அதற்கு முன்னும் பின்னும் படுவான்கரை வயல்களில் தெளித்தவற்றின் எச்சம் வடிந்து இறங்கும் இடம் இந்த வாவிதான். அதில் எது எவ்வளவு தங்கிற்று என்பதை அளந்தே அறியவேண்டும்.

ஆகவே, ஒரு போத்தல் வாவி நீரை அள்ளிச் சோதித்துவிட்டு "எல்லாம் நலம்" என்பாரை நான் நம்பமாட்டேன். தேடவேண்டிய இடம் அடிச்சேறும் மீனின் கொழுப்பும். கொழுப்பைக் கரைக்கும் கரைப்பான் அதிலுள்ள நஞ்சையும் கூடவே இழுத்துவரும். வழியும் புதிதன்று. குளோரோபோமும் மெதனோலும் கலந்து மீன் தசையிலிருந்து கொழுப்பைப் பிரிக்கும் முறையைக் கனடாவில் பிளை, டையர் என்னும் இருவர் 1959இலேயே வெளியிட்டார்கள். உலகெங்கும் ஆய்வுகூடங்கள் இன்றும் அதைக் கையாளுகின்றன.

"சோதனை என்று கிளம்பினால் மீன் விலை விழும், மீனவர் வயிற்றில் அடிக்காதீர்" என்பாரும் உளர். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் வாவி மீனை அன்றாடம் உண்பவை மீனவர் வீட்டுக் குழந்தைகளே. விலையை விழுத்துவது வதந்தி. பகிரங்கமான அளவீடு வதந்தியின் வாயை அடைக்கும்.

வந்தாறுமூலையில் 1986 முதல் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்குப் பணம் கொடுங்கள். ஆண்டுதோறும் மீனையும் சேற்றையும் சோதித்து, முடிவைத் தமிழில், மீனவர் சங்கங்களின் சுவரில் ஒட்டுங்கள். நஞ்சில்லை என்றால் எல்லோரும் நிம்மதியாக உண்போம். உண்டென்றால் எங்கிருந்து வருகிறதென்று தேடுவோம். அதுவரை, "கரைந்துபோகும்" என்று எவரும் எமக்கு ஆறுதல் சொல்லவேண்டாம்.