வெளுத்த பேனைக்கு ‘அரிய நிறம்’ என்று பெயர் வைக்காதீர்கள்

போன வருடம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து 18,000 ரூபாய் கொடுத்து ஒரு பழைய பேனை வாங்கினோம். ஹொஸ்டல் சாப்பாட்டுக் காசில் கை வைத்துத்தான். வோட்டர்மன் 52, மை நிரப்பி எழுதுகிற பேனை, ஏறக்குறைய நூறு வயது. விற்றவர் போட்டிருந்த விளம்பரத்தில் “மிக அரிய ஒலிவ் நிறம்” என்று இருந்தது. படத்திலும் அப்படித்தான் தெரிந்தது, பழுப்பும் பச்சையும் கலந்த, பழைய பித்தளை மாதிரியான ஒரு நிறம்.

பார்சல் வந்ததும் மூடியைக் கழற்றினோம். மூடி மறைத்திருந்த இடம் மட்டும் நல்ல கறுப்பு. காய்ந்த மை பிடித்திருக்கு எண்டு நினைச்சு இரவு முழுக்கத் தண்ணியில ஊறப் போட்டோம். விடிய எடுத்துப் பார்த்தால் அந்த இடமும் பழுப்பு. எங்களுக்கு ஒரே சந்தோசம், அழுக்குப் போயிட்டுது!

போனது அழுக்கில்லை. அந்தப் பேனையின் உண்மையான நிறமே அந்தக் கறுப்புத்தான்.

அந்தக் காலத்துப் பேனைகள் நிறைய எபனைட்டில் செய்தவை. கேகாலை, களுத்துறைப் பக்கம் பால் வெட்டி எடுக்கிறார்களே, அதே இறப்பரோடு கந்தகத்தை அதிகமாகச் சேர்த்துச் சூடாக்கினால் வருகிற கடினமான பொருள். வெளிச்சமும் ஈரமும் பட்டால் அதன் மேற்பரப்பு மாறும். கறுப்பு மெல்ல மெல்லப் பழுப்பாகும், ஒலிவாகும். வெயில் பல வருடமாகச் செய்ததைத் தண்ணீர் ஒரே இரவில் செய்து முடிக்கும். மூடிக்குள் இருந்த பகுதிக்கு வெளிச்சம் படாததால்தான் அது கறுப்பாகவே தங்கியிருந்தது. எங்களிடம் இருந்த ஒரே சாட்சியத்தை நாங்களே கழுவி ஊற்றிவிட்டோம். வரலாறு படிக்கிற பிள்ளைகள் வேறு!

விற்றவரிடம் கேட்டோம். “படத்தில இருக்கிற நிறம்தானே வந்தது?” என்றார். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

ஆனால் எங்கள் வாதம் இதுதான்: தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போது இருந்த நிறத்துக்கு மட்டும்தான் ‘அரிய நிறம்’ என்ற பெயரைக் கொடுக்க வேண்டும். பிறகு வந்தது பழுது. அழகான பழுதாகக்கூட இருக்கலாம், ஆனாலும் பழுதுதான்.

உண்மையிலேயே அரிய நிறங்கள் இருக்கின்றன. பார்க்கர் நிறுவனம் 1921இல் டியூஃபோல்ட் பேனையைச் சிவப்பில் கொண்டுவந்தது. கறுப்புப் பேனைகளே நிறைந்திருந்த சந்தையில் 7 டொலர் விலைக்கு அது நன்றாக ஓடியது. சில வருடங்களுக்குப் பிறகு வந்த மஞ்சள் டியூஃபோல்டின் கதை வேறு. அந்த மஞ்சள் செலுலொயிட் இலகுவில் வெடிக்கும். முழுதாக மிஞ்சியவை கொஞ்சம் என்பதால்தான் இன்றைக்கு அதற்கு இவ்வளவு மதிப்பு. பார்க்கர் 51இல் ‘பிளம்’ என்ற நிறம் 1940களின் கடைசியில் கொஞ்சக் காலம் மட்டுமே வந்தது. குழல் விளக்கின் கீழ் அதையும் சாதாரண பேகண்டியையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். பகல் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிளம்மில் ஊதா தெரியும், பேகண்டியில் சிவப்பு. ஒரேயொரு படத்தைப் பார்த்து முடிவெடுக்கிற விசயமே இல்லை இது.

பச்சை டியூஃபோல்டில் இன்னொரு கூத்து நடக்கும். உள்ளே மை பிடிக்கிற இறப்பர்ப் பையிலிருந்து வருகிற கந்தக வாயு உடலைப் பழுப்பாக்கும். மூடிக்குள் பை இல்லை, அதனால் மூடி பச்சையாகவே இருக்கும். இதையும் ‘இருநிறப் பதிப்பு’ என்று விற்கத் துணிகிறவர்கள் வருவார்கள்.

ஆகவே பழைய பேனை கையில் கிடைத்தால் முதலில் வெளிச்சம் போகாத இடங்களைப் பாருங்கள். மூடிக்குள், கிளிப்பின் அடியில். விரலால் நன்றாகத் தேய்த்து மணந்து பாருங்கள், கந்தகம் மணந்தால் எபனைட். பிறகு நிறுவனத்தின் பழைய விளம்பரங்களில் அந்த நிறம் இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவரைக்கும் தயவுசெய்து தண்ணியில போடாதேங்கோ.

எங்களில் ஒருத்தி இதை ஒத்துக்கொள்ளவில்லை. “இந்த மாதிரி வெளுத்த பேனை உலகத்தில் இது ஒன்றுதானே, அப்ப இதுவும் அரிதுதானே?” என்பது அவளுடைய கேள்வி. கேட்க நல்லாத்தான் இருக்கு. அப்படிப் பார்த்தால் எங்கள் ஹொஸ்டல் வாசலில் துருப்பிடித்து நிற்கிற சைக்கிளும் அரும்பொருள்தான். அவளுக்கு அந்தப் பேனையை வைத்திருக்க உரிமை உண்டு, ரசிக்கவும் உண்டு. அந்தச் சொல்லைச் சொல்லி இன்னொருவரிடம் காசு வாங்க முடியாது என்பதுதான் எங்கள் பேச்சு.

பேனை நன்றாக எழுதுகிறது, அதைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டுரையின் முதல் வரைவே அதில் எழுதியதுதான். இப்போது அதை விற்கப் போட்டிருக்கிறோம்: “வோட்டர்மன் 52, கறுப்பு, முழுக்க வெளுத்தது, கடைசிப் பகுதி எங்களால் வெளுத்தது. 7,000 ரூபாய்.” மூன்று கிழமையாகிறது. ஒருவர் மட்டும் கேட்டிருக்கிறார், ஒலிவ் நிறத்தில் இருக்கிறதா என்று.