பள்ளத்தை மூடுறதுக்கு முன்னாடி...

போன மாசம் லீவுக்குப் பாளையங்கோட்டை போயிருந்தேன். தெருவுல கேபிள் பதிக்க ஜேசிபி வந்துச்சு. ஒரே இழுப்பு, தண்ணிக் குழாய் டமார்! பக்கத்துலயே தாமிரபரணி ஓடுது, நாங்க ரெண்டு நாளா குடத்தோட அலைஞ்சோம்.

அரையடி அகலத்துக்குப் பள்ளம் எடுக்குற குட்டி டிராக்டர் வந்திருந்தாலும் இதே கதைதான் மக்கா. கீழ என்ன கிடக்குன்னு யாருக்கும் தெரியலையே!

அமெரிக்காவுல தோண்டுறதுக்கு முன்னாடி 811-க்கு போன் போடணும். இங்கேயும் 2023 மார்ச்சுல 'கால் பிஃபோர் யூ டிக்' செயலி வந்தாச்சு. ஆனா பழைய குழாய்க்கு வரைபடம் இருந்தாத்தானே அது உதவும்?

என் கட்சி இதுதான்: இடம், ஆழம், ஒரு போட்டோ. இதைப் பதிஞ்சு வைக்காம பள்ளத்தை மூடினா பில் பாஸ் பண்ணக் கூடாது. கமெண்ட் இல்லாத கோடை எங்க டீம் லீட் விடுவாரா? மண்ணுக்கும் அதே ரூல்தான்வே!